ஆஸ்பத்திரி டேட்டாவில் இருக்கும் நோயின் பெயரை எவ்வளவு நம்பலாம்?

பொது சுகாதாரத்தில் முதுகலை (எம்.பி.எச்.) படிக்கும் ஒருவர் கேட்டது இது. ஒரு தனியார் மருத்துவமனையின் மூன்று வருட டிஸ்சார்ஜ் டேட்டா அவருக்குக் கிடைத்திருக்கிறது. மாரடைப்புடன் சேர்ந்தவர்களைச் சர்க்கரை நோய் உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்று பிரித்து, எந்தப் பக்கம் இறப்பு அதிகம் என்று பார்க்கப்போகிறார். "ஐசிடி கோடுகளை நம்பி இறங்கலாமா? கோடர்கள் எத்தனை சதவீதம் தப்பு செய்வார்கள்?" என்று கேட்டிருக்கிறார். ஐசிடி என்பது ஒவ்வொரு நோய்க்கும் ஒரு குறியீடு தரும் உலக வகைப்பாடு. கேஸ் ஷீட்டைப் படித்து அந்தக் குறியீட்டை, அதாவது கோடை, போடுபவர் கோடர்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இதில் கோடர் செய்யும் தப்பு சின்னப் பகுதிதான். நான் சென்னையில் அமெரிக்க நோயாளிகளின் சார்ட்டுகளைக் கோட் செய்யும் கம்பெனிகளில் ஆடிட் வேலை பார்க்கிறேன். அதற்கு முன் ஒரு மருத்துவமனையின் எம்.ஆர்.டி.யில், அதாவது நோயாளிகளின் பதிவேடுகளைப் பராமரிக்கும் பிரிவில் இருந்தேன். இரண்டு இடத்திலும் கதை ஒன்றுதான். கோட் தப்பாக இருந்தால், பெரும்பாலும் அதற்கு முன்பே கேஸ் ஷீட்டில் எழுதியது தப்பாக இருக்கும், அல்லது எழுத வேண்டியதை யாரும் எழுதியிருக்கமாட்டார்கள். அதைத் தாண்டி வந்தாலும், அந்தக் கோட் யாருக்காகப் போடப்பட்டதோ அவர்கள் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும். எனவே "எத்தனை சதவீதம் சரி" என்று ஒரே எண்ணாகப் பதில் சொன்னால் அது உங்களுக்கு உதவாது. எங்கள் துறையில் 95 சதவீத அக்யூரசி என்பார்கள். கேஸ் ஷீட்டில் எழுதியிருப்பதும் கோடும் ஒத்துப்போகின்றனவா என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. கேஸ் ஷீட்டும் படுக்கையில் இருந்த மனிதரும் ஒத்துப்போகிறார்களா என்பதை அந்த எண் சொல்வதில்லை.

நம் ஊரில் ஒரு நோய் கோடாக மாறும் பாதையைப் பாருங்கள். கேஷுவாலிட்டியில் டூட்டி டாக்டர் ஒரு ப்ரொவிஷனல் டயக்னோசிஸ் எழுதுகிறார். மறுநாள் ரவுண்ட்ஸில் சீஃப் வேறொன்று சொல்கிறார். அது கேஸ் ஷீட்டில் ஏறலாம், ஏறாமலும் போகலாம். சி.டி., எக்கோ, லேப் ரிப்போர்ட்டுகள் எல்லாம் தனித்தனித் தாளாகப் பின்னால் சேர்கின்றன. டிஸ்சார்ஜ் அன்று காலையில் வரிசையாகப் பல பேருக்கு சம்மரி எழுத வேண்டிய ஹவுஸ் சர்ஜனோ பி.ஜி.யோ முதல் பக்கத்தில் இருப்பதையே பார்த்து எழுதிவிடுகிறார். எம்.ஆர்.டி.க்குக் கட்டுக்கட்டாக வந்து சேரும் கேஸ் ஷீட்டுகளில் டெக்னீஷியன் பார்ப்பது சம்மரியின் அந்த ஒரு வரியைத்தான். 'சி.வி.ஏ.' என்று இருந்தால் ஐ64 போடுவார். பக்கவாதம், ரத்தக்கசிவா அடைப்பா என்று குறிப்பிடப்படாதது என்று அதற்குப் பொருள். அதே கட்டில் நாலு தாள் தள்ளி, மூளையின் இன்ன ரத்தக்குழாயில் அடைப்பு என்று ரேடியாலஜிஸ்ட் தெளிவாக எழுதிய சி.டி. ரிப்போர்ட் இருக்கும். அதன்படி ஐ63 ஆகியிருக்க வேண்டிய கேஸ் இது. இதில் டெக்னீஷியனைக் குறை சொல்ல முடியாது, எழுதியிருப்பதற்கு அவர் சரியான கோட்தான் போட்டிருக்கிறார். ஆனால் ஒரு மாவட்டத்தில் எத்தனை பேருக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி தேவைப்படும் என்று திட்டம் போட உட்கார்பவருக்கு இந்த ஐ64 குவியலால் எந்தப் பயனும் இல்லை.

சுருக்கெழுத்துகள் இன்னொரு தொல்லை. இதய வார்டில் 'எம்.எஸ்.' என்றால் மைட்ரல் ஸ்டெனோசிஸ், நியூரோ வார்டில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். கேஸ் ஷீட்டைக் கையில் வைத்திருப்பவருக்கு வார்டின் பெயர் தெரியும், குழப்பம் வராது. சம்மரியின் டயக்னோசிஸ் வரியை மட்டும் எக்ஸெலில் ஏற்றி வேறெங்கோ அனுப்பினால் வரும்.

"அப்போ கோடர் பின்னால் இருக்கும் ரிப்போர்ட்டைப் பார்த்துத் திருத்தினால் என்ன?" என்று கேட்கலாம். அங்கேதான் வேலையின் அடிப்படை விதி குறுக்கே நிற்கிறது: கோடர் டயக்னோஸ் செய்யக்கூடாது. அமெரிக்க விதிமுறையில் இது கறாராகவே இருக்கிறது. லேப் ரிப்போர்ட்டில் சோடியம் 118 என்று சிவப்பில் இருக்கும். அதற்கு மூன்று நாள் சலைன் ஏற்றிய கணக்கும் நர்ஸிங் நோட்டில் இருக்கும். ஆனால் 'ஹைப்போநெட்ரீமியா' (ரத்தத்தில் சோடியம் குறைவு) என்ற சொல்லை டாக்டர் எங்கேயும் எழுதவில்லை என்றால் கோடர் அதைப் போட முடியாது. சோடியம் என்று எழுதிப் பக்கத்தில் கீழ்நோக்கி ஒரு அம்பு போட்டிருந்தாலும் செல்லாது. டாக்டருக்கு ஒரு குவெரி, அதாவது எழுத்தில் ஒரு விளக்கக் கேள்வி, அனுப்ப வேண்டும். அந்தக் குவெரியிலும் "இது ஹைப்போநெட்ரீமியாதானே?" என்று பதிலைக் கையில் கொடுத்துக் கேட்கக்கூடாது. லேப் எண்ணையும் கொடுத்த சிகிச்சையையும் காட்டி, இதற்குரிய நோய் என்ன என்று எழுதுங்கள், அல்லது பொருத்தமானதைத் தேர்ந்தெடுங்கள் என்றுதான் கேட்கலாம். டாக்டர் பதில் அனுப்பவில்லை என்றால், அந்த நோயாளிக்கு அந்த நோய் கணக்கில் வரவே வராது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது மூடத்தனமாகத் தெரியும். எனக்கு இந்த விதி சரியென்றே படுகிறது. நோயாளியைப் பார்க்காத ஒருவர், பல ஆயிரம் மைல் தள்ளி உட்கார்ந்து, எண்ணை மட்டும் வைத்து நோய்க்குப் பெயர் வைக்க ஆரம்பித்தால் அது எங்கே போய் நிற்கும் என்று யோசியுங்கள். ஆனால் இந்த விதிக்கு ஒரு விலை உண்டு: டாக்டர் எழுதாதது எல்லாம் டேட்டாவில் 'இல்லை' என்றே பதிவாகும். 'எழுதவில்லை' என்பதையும் 'நோய் இல்லை' என்பதையும் பிரித்துக் காட்ட அந்த எக்ஸெல் ஷீட்டில் வழி கிடையாது.

சந்தேகத்தில் இருக்கும் நோய்களுக்கு வருவோம். ஒருவருக்கு நிமோனியாவாக 'இருக்கலாம்' என்று எழுதி டிஸ்சார்ஜ் செய்கிறார்கள். அமெரிக்க விதிப்படி உள்நோயாளியாக இருந்தவர் என்றால் அது நிமோனியா என்றே கோட் ஆகும். அதே சொல்லை ஓ.பி. சீட்டில் எழுதினால் நிமோனியா போடக்கூடாது, இருமல், காய்ச்சல் என்று அறிகுறிகளைத்தான் போட வேண்டும். எச்.ஐ.வி., கோவிட் போன்ற சிலவற்றுக்கு மட்டும் உள்நோயாளியானாலும் உறுதியாகியிருக்க வேண்டும். டாக்டர் எழுதியது அதே சொல், நோயாளியும் அதே ஆள், ஆனால் எந்தக் கதவு வழியாக வந்தார் என்பதைப் பொறுத்து நோய் மாறிவிடுகிறது.

நம் பக்கத்தில் இதற்கு இணையானது டெங்கு. மழைக்காலத்தில் ஒருவர் காய்ச்சலோடு சேர்கிறார், பிளேட்லெட் இறங்கிக்கொண்டிருக்கிறது, உடனடியாக முடிவு சொல்லும் கார்டு டெஸ்டில் என்.எஸ்.1 என்ற டெங்கு வைரஸ் புரதம் பாசிட்டிவ். மருத்துவமனை டெங்கு என்று எழுதிச் சிகிச்சை கொடுக்கிறது, அதில் தவறும் இல்லை. ஆனால் தேசியத் திட்டத்தின் கணக்கில் உறுதியான டெங்கு என்றால் எலைசா என்ற லேப் முறையில் வந்த என்.எஸ்.1 அல்லது ஐ.ஜி.எம். (டெங்குவுக்கு உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள்) பாசிட்டிவ் வேண்டும், கார்டு டெஸ்ட் போதாது. இன்னொரு மருத்துவமனையில் இதே மாதிரி நோயாளிக்கு 'வைரல் ஃபீவர், த்ராம்போசைட்டோபீனியா' (பிளேட்லெட் குறைவு) என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். ஆக ஒரே வாரத்தில், ஒரே தெருவில், ஒரே வைரஸ் தாக்கிய மூன்று பேர் மூன்று விதமாகப் பதிவாகிறார்கள். ஊரில் "டெங்குவை மறைக்கிறார்கள்" என்று பேச்சு எழும்போது அதில் ஒரு பங்கு உண்மையாக இருக்கலாம். இன்னொரு பங்கு, எந்த டெஸ்ட்டை யார் ஏற்றுக்கொள்கிறார்கள் என்ற வேறுபாடு மட்டும்தான். கோடிலும் ஒரு சிக்கல் உண்டு. ஐசிடி-10இல் டெங்குவுக்கு முன்பு ஏ90, ஏ91 என்று இரண்டு இருந்தன. பிறகு உலக சுகாதார நிறுவனம் ஏ97 வரிசையைக் கொண்டுவந்தது. அமெரிக்கப் பதிப்பில் பழைய இரண்டுதான் தொடர்கின்றன. எந்தப் பதிப்பு என்று கேட்காமல் ஏ90ஐ மட்டும் தேடி எடுத்தால் பாதி டேட்டா கையை விட்டுப் போகும்.

யாருக்காகக் கோட் போடுகிறோம் என்பதுதான் இதிலெல்லாம் பெரிய விஷயம். இந்த வகைப்பாடு பிறந்தது இறப்புக் கணக்குக்காக. 1893இல் பிரெஞ்சுக்காரர் ஜாக் பெர்டியோன் கொடுத்த இறப்புக் காரணப் பட்டியல்தான் இதன் மூதாதை. உயிரோடு இருப்பவர்களின் நோய்களையும் சேர்த்து உலக சுகாதார நிறுவனம் அதைக் கையில் எடுத்தது 1948இல், ஆறாம் பதிப்பில். அதற்குப் பிறகும் பல வருடம் ஒரு கோடைக் கூட்டிப் போடுவதாலோ குறைத்துப் போடுவதாலோ யாருக்கும் காசு வந்ததில்லை.

1983இல் அது மாறியது. அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், நோயாளி எத்தனை நாள் இருந்தார், எத்தனை ஊசி போட்டார்கள் என்று பில் பார்த்துக் கொடுப்பதை நிறுத்திவிட்டு, டயக்னோசிஸை வைத்து டி.ஆர்.ஜி. என்ற குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு இவ்வளவு என்று ஒரே தொகையாகக் கொடுக்க ஆரம்பித்தது. அது அமலுக்கு வருவதற்கு இரண்டு வருடம் முன்பே, 1981இல், டொனால்ட் சிம்போர்க் என்ற மருத்துவர் இப்படிச் செய்தால் டயக்னோசிஸ்கள் மெல்ல மெல்லக் காசு அதிகம் வரும் பக்கம் நகரும் என்று எழுதிவிட்டார். அவர் சொன்ன மாதிரியேதான் நடந்தது. நிமோனியாவை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண நிமோனியாவுக்கு ஒரு தொகை, சிக்கலான சுவாசத் தொற்றுக்கு அதைவிட நல்ல தொகை. 1989க்கும் 1996க்கும் இடையில் இந்த நோயாளிகளில் அதிகத் தொகை வரும் குழுவின் பங்கு, லாப நோக்கமில்லாத மருத்துவமனைகளில் 10 சதவீதப் புள்ளி ஏறியது. லாபத்துக்கு நடந்த மருத்துவமனைகளில் 23 புள்ளி. அந்த இடைவெளியில் லாப நோக்கத்துக்கு மாறியவற்றில் 37 புள்ளி. சில்வர்மேன், ஸ்கின்னர் என்ற இருவர் 2004இல் வெளியிட்ட கணக்கு இது. கிருமி அதே கிருமிதான், மாறியது முதலாளி.

இதை முழுக்க மோசடி என்று சொல்லிவிடவும் முடியாது. முன்பு டாக்டர்கள் அசட்டையாக 'நிமோனியா' என்று மட்டும் எழுதியதைப் பிறகு ஒழுங்காக எழுத ஆரம்பித்திருக்கலாம். மோசடியும் ஒழுங்கும் டேட்டாவில் ஒரே மாதிரிதான் தெரியும். என் மேஜைக்கு வருவதில் இதற்கு நல்ல உதாரணம் 'யூரோசெப்சிஸ்'. வயதான ஒருவர் சிறுநீர்த் தொற்றோடும் காய்ச்சலோடும் வருகிறார், டாக்டர் பழக்கத்தில் 'யூரோசெப்சிஸ்' என்று எழுதுகிறார். சிலர் அதைச் சிறுநீர்த் தொற்று என்ற பொருளில் எழுதுகிறார்கள். சிலர் அந்தத் தொற்று ரத்தத்தில் கலந்து உயிருக்கு ஆபத்தாகிவிட்டது என்ற பொருளில் எழுதுகிறார்கள். முதலாவது சிறிய தொகை, இரண்டாவது பெரிய தொகை. அமெரிக்க விதி இந்தச் சொல்லுக்கு எந்தக் கோடும் தருவதில்லை. குவெரி போட்டே ஆக வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் விதியை எழுதியவர்களுக்கு ஒரு கும்பிடு போடலாம். டாக்டர் 'செப்சிஸ்' என்று பதில் எழுதிவிட்டாலும் கதை முடிவதில்லை. 2016இல் செப்சிஸின் வரையறையே மாறியது. மருத்துவமனை பழைய வரையறைப்படி செப்சிஸ் என்கிறது, இன்ஷூரன்ஸ் கம்பெனி புதிய வரையறைப்படி இல்லை என்று பணத்தை நிறுத்துகிறது. இரண்டு பக்கமும் தங்கள் தங்கள் கணக்கில் சரி.

இந்தியாவில் டி.ஆர்.ஜி. இல்லை. இங்கே 2018இல் தொடங்கிய பிரதமர் காப்பீட்டுத் திட்டமும் சரி, தமிழ்நாட்டில் 2009இலிருந்து வேறு வேறு பெயரில் நடக்கும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் சரி, பேக்கேஜ் முறைதான், அதாவது இன்ன சிகிச்சைக்கு இவ்வளவு என்று முன்பே முடிவான தொகை. அதனால் இங்கே டயக்னோசிஸைவிட எந்தப் பேக்கேஜ் என்பதற்குத்தான் எல்லாரும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். பேக்கேஜ் முடிவான பிறகு அதற்குப் பொருந்தும்படி டயக்னோசிஸ் எழுதப்படுவதும் உண்டு. தனியார் இன்ஷூரன்ஸில் நிலைமை வேறு. கிளெய்ம் ஃபார்மின் பி பகுதியை மருத்துவமனைதான் நிரப்பும். அதில் முதன்மை நோய், கூடுதல் நோய், இணை நோய்கள் எல்லாவற்றுக்கும் ஐசிடி-10 கோட் எழுதக் கட்டம் இருக்கிறது. உங்கள் ஆய்வுக்கு நேரடியாக உதைக்கும் இடம் இதுதான், இதை மட்டும் கவனமாகப் படியுங்கள்.

பாலிசி எடுத்து இரண்டு வருடம் ஆனவர் நெஞ்சு வலியோடு வருகிறார். கேஷுவாலிட்டியில் "சர்க்கரை எத்தனை வருஷமா?" என்று கேட்கிறார்கள். கூட வந்த மச்சான் "அது இருக்கும் ஒரு பத்து வருஷம்" என்கிறார். 'பத்து வருடமாக டி.எம்.' என்று கேஸ் ஷீட்டில் ஏறிவிட்டது. உண்மையில் ஒரு வருடமாகத்தான் மாத்திரை. ஆனால் இனி அந்தப் பத்து வருடம் ஒவ்வொரு பக்கத்திலும் காப்பியாகிக்கொண்டே போகும். பாலிசி எடுக்கும்போது இதைச் சொல்லவில்லை என்று கிளெய்ம் நிற்கும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024இல் விதிகளை மாற்றி, முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் மூன்று வருடம், ஐந்து வருடம் தொடர்ந்து பிரீமியம் கட்டியவருடைய கிளெய்மை, மோசடி என்று நிரூபித்தால் தவிர, நோயைச் சொல்லவில்லை என்ற காரணத்துக்காக மறுக்கக்கூடாது என்று ஆக்கியிருக்கிறது. அந்தக் காலம் இன்னும் முடியாதவர்களுக்குச் சிக்கல் அப்படியேதான். இது மக்களுக்கும் தெரிந்துவிட்டது. அதனால் எதிர்ப்பக்கமும் நடக்கிறது. "சார், சுகர் இருக்குன்னு மட்டும் எழுதிடாதீங்க" என்று குடும்பத்தார் டாக்டரிடம் கெஞ்சுவதை வார்டில் வேலை பார்த்த யாரும் கேட்டிருப்பார்கள். ஆக, நீங்கள் வைத்திருக்கும் டேட்டாவில் சர்க்கரை நோய் என்ற கோட் ரத்தத்தில் இருந்த சர்க்கரையை மட்டும் சொல்லவில்லை. யார் கையிலிருந்து பணம் கட்டினார், யார் கேஷ்லெஸ் என்பதும் அதில் கலந்திருக்கிறது. இரண்டு கூட்டத்தையும் சேர்த்து வைத்து ஒப்பிட்டால் வரும் விடைக்கு மருத்துவப் பொருள் என்ன என்று உங்களாலேயே சொல்ல முடியாது.

காசு சம்பந்தமில்லாத தப்புகளும் ஏராளம். ஃபார்மில் ஒரு கட்டம் வைத்தாலே போதும். அமெரிக்க இறப்புச் சான்றிதழில் 2003இல் ஒரு கட்டம் சேர்த்தார்கள்: இறந்தவர் கர்ப்பமாக இருந்தாரா, அண்மையில் பிரசவம் ஆனதா என்று. பிரசவ மரணங்கள் விட்டுப்போகக்கூடாது என்ற நல்ல எண்ணம்தான். டெக்சாஸ் மாநிலத்தில் 2012இல் 147 பிரசவ மரணங்கள் பதிவாகின. உலகமே திரும்பிப் பார்த்தது, அரசியல் சண்டை நடந்தது. பிறகு மாநில சுகாதாரத் துறையினர் ஒவ்வொரு மரணத்துக்கும் பிறப்புப் பதிவு, மருத்துவமனை ஆவணங்களைத் தேடி எடுத்துச் சரிபார்த்தார்கள். உறுதியானவை 56. லட்சத்துக்கு 38.4 என்றிருந்த விகிதம் 14.6 ஆனது. பல பெண்கள் கர்ப்பமாக இருந்ததற்கு ஆதாரமே இல்லை. மின்னணுப் பதிவில் 'கடந்த ஓராண்டில் கர்ப்பமாக இல்லை' என்ற தேர்வுக்கு நேர் கீழே 'இறக்கும்போது கர்ப்பமாக இருந்தார்' என்ற தேர்வு இருந்ததாம். ஒரு வரி தள்ளி கிளிக் ஆகியிருக்கும் என்று ஆய்வாளர்கள் சந்தேகித்தார்கள். பாட்டிமார்கள் கூடக் கர்ப்பிணிகளாகப் பதிவானதால், 2018இலிருந்து அந்தக் கட்டத்தை 10 முதல் 44 வயது வரை உள்ளவர்களுக்கு மட்டுமே கணக்கில் எடுப்பது என்று தேசியப் புள்ளிவிவர மையம் முடிவு செய்தது.

இங்கிலாந்தின் கதை இன்னும் வேடிக்கை. 2009-10இல் அங்கே பிரசவப் பிரிவில் 17,000க்கும் மேற்பட்ட ஆண்கள் உள்நோயாளிகளாக இருந்ததாக அரசு டேட்டா சொன்னது. மகளிர் நோய்ப் பிரிவில் 8,000க்கும் மேல். லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த சிலர் 2012இல் இதை ஒரு மருத்துவ இதழுக்குக் கடிதமாக எழுதினார்கள். ஆண் பிரசவத்தை யாரும் நம்பப்போவதில்லை என்பதால் அது தப்பு என்று உடனே தெரிந்தது. அதே மாதிரி இலக்கம் மாறி, ஒரு பெண்ணின் பித்தப்பை அறுவை சிகிச்சை கர்ப்பப்பைப் பிரிவில் ஏறியிருந்தால் யார் கண்டுபிடித்திருப்பார்கள்? நம் நாட்டில் அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சி.ஏ.ஜி. 2023இல் பிரதமர் காப்பீட்டுத் திட்டத்தை ஆடிட் செய்தபோது, சுமார் 7.5 லட்சம் பயனாளிகளுக்கு ஒரே மொபைல் எண், 9999999999, பதிவாகியிருந்ததும் இந்த ரகம்தான். நிரப்ப ஒரு கட்டம் இருக்கிறது, வரிசையில் நூறு பேர் நிற்கிறார்கள், ஊழியர் என்ன செய்வார்? டயக்னோசிஸ் கட்டத்தில் இதே வேலையைச் செய்பவை 'குறிப்பிடப்படாதது' என்று முடியும் கோடுகள். ஒரு மருத்துவமனையின் டேட்டா வந்ததும் நான் முதலில் எண்ணுவது அவற்றைத்தான்.

உங்கள் ஆய்வு இறப்பைப் பற்றியது என்பதால் இறப்புச் சான்றிதழையும் சொல்ல வேண்டும். மருத்துவமனை மரணங்களுக்குப் படிவம் 4. அதில் மேலிருந்து கீழாக ஒரு சங்கிலி எழுத வேண்டும்: உடனடிக் காரணம், அது எதனால், அது எதனால். சர்க்கரை நோயாளிக்குக் காலில் புண், அழுகல், தொற்று ரத்தத்தில் பரவி மரணம் என்றால் முதல் வரியில் செப்டிக் ஷாக், இரண்டாவதில் கால் அழுகல், மூன்றாவதில் டைப் 2 சர்க்கரை நோய், தனிப்பகுதியில் சிறுநீரகக் கோளாறு. அப்போது மூலக் காரணம் சர்க்கரை நோய் என்று தேர்வாகும். நடைமுறையில் முதல் வரியில் 'கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். இதயமும் மூச்சும் நின்றுவிட்டன என்றால் ஆள் இறந்துவிட்டார் என்று பொருள், ஏன் இறந்தார் என்று அதில் எதுவும் இல்லை. மற்ற வரிகள் காலி என்றால் கோடருக்கு ஐ46.9ஐத் தவிர வேறு வழியில்லை. அது இதய நோய் அத்தியாயத்தில் இருக்கும் கோட். ஆகவே கால் புண்ணில் செத்தவர் இதய நோய்க் கணக்கில் சேர்கிறார். இதுவும் மருத்துவச் சான்று வாங்கியவர்களின் கதைதான். 2020இல் இந்தியாவில் பதிவான இறப்புகளில் மருத்துவச் சான்று இருந்தவை 22.5 சதவீதம் மட்டுமே.

ஒரே மரணம் இரண்டு ஏட்டில் இரண்டு விதமாக இருக்கலாம் என்பதை 2020இல் சென்னையே பார்த்தது. கோவிட் மரணங்களில் மாநகராட்சியின் பதிவேடும் மாநில அரசின் பட்டியலும் ஒத்துப்போகவில்லை. குழு அமைத்துச் சரிபார்த்த பிறகு, அந்த ஜூலையில் 444 மரணங்கள் ஒரே நாளில் கணக்கில் சேர்க்கப்பட்டன. இணை நோயால் இறந்தாரா, கோவிடால் இறந்தாரா என்ற சர்ச்சை அப்போது டீக்கடை வரைக்கும் வந்தது. சங்கிலியை ஒழுங்காக எழுதியிருந்தால் அந்தக் கேள்விக்குப் படிவம் 4இலேயே விடை இருந்திருக்கும்.

இப்போது உங்கள் டேட்டா. இதில் ஒரு பழைய பொறி இருக்கிறது. 1992இல் அமெரிக்காவில் லிசா ஐஸோனியும் குழுவினரும் கலிஃபோர்னியா மருத்துவமனைகளின் டேட்டாவை ஆராய்ந்தார்கள். சர்க்கரை நோய், ரத்தக்கொதிப்பு என்று கோட் இருந்தவர்கள், அந்தக் கோட் இல்லாதவர்களைவிடக் குறைவாக இறந்ததாக விடை வந்தது. சர்க்கரை நோய் உயிரைக் காப்பாற்றுமா என்ன? நடந்தது இதுதான்: மோசமான நிலையில் வந்து ஓரிரு நாளில் இறப்பவரின் கேஸ் ஷீட் முழுக்க ஷாக், சிறுநீரகச் செயலிழப்பு, வென்டிலேட்டர் என்று நிரம்பிவிடுகிறது. அவருடைய பழைய சர்க்கரையை எழுத யாருக்கும் நேரம் இல்லை. நல்லபடியாகத் தேறி வீட்டுக்குப் போகிறவருக்குத்தான் இணை நோய்ப் பட்டியல் ஆற அமர எழுதப்படுகிறது. உங்களுக்கும் இதே விடை வர நல்ல வாய்ப்பிருக்கிறது. வந்தால் புதிய கண்டுபிடிப்பு என்று எழுதிவிடாதீர்கள்.

சரி, என்ன செய்யலாம்? சர்க்கரை நோயைக் கோடை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். எச்பிஏ1சி ரிப்போர்ட் (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரை), டிஸ்சார்ஜ் மருந்துச் சீட்டு, வார்டு ஃபார்மசி பில் மூன்றையும் கேளுங்கள். மெட்ஃபார்மினும் இன்சுலினும் யாருக்காகவும் பொய் சொல்வதில்லை. ஆனால் மாரடைப்பு நேரத்தில் தற்காலிகமாகச் சர்க்கரை ஏறி இன்சுலின் போட்டவர்களும் அதில் கலந்திருப்பார்கள் என்பதால் எச்பிஏ1சிக்கு முதலிடம் கொடுங்கள். மாரடைப்புக்கு ஐ21 கோடை எடுக்கும்போது, ஐசிடி-10 விதிப்படி நான்கு வாரம் வரைக்கும் அது புதிய மாரடைப்பாகவே கோட் ஆகும் என்பதை நினைவில் வையுங்கள். இரண்டு வாரம் முன் வேறு இடத்தில் சிகிச்சை பெற்று, இப்போது ஆஞ்சியோவுக்கு மட்டும் நடந்து வந்தவரும் அதே கோடில் இருப்பார். ட்ரோபோனின் (இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), சேர்ந்த அன்றைய ஈ.சி.ஜி. இரண்டும் இருந்தால்தான் சேர்ப்பேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கோட் உள்ளவர்களில் ஒரு நூறு, கோட் இல்லாத நெஞ்சுவலி கேஸ்களில் ஒரு நூறு என்று குலுக்கல் முறையில் கேஸ் ஷீட்டுகளை எடுத்து, கோடைப் பார்க்காத இரண்டு பேரை வைத்துப் படித்துப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் முதல் நூறோடு நிறுத்திக்கொள்வார்கள். விட்டுப்போனவை இரண்டாவது நூறில்தான் இருக்கும். எம்.ஆர்.டி.யில் போய், யார் கோட் போடுகிறார், எந்தப் பதிப்பு, எத்தனை இணை நோய் வரைக்கும் சாஃப்ட்வேர் ஏற்கும், இந்த மூன்று வருடத்தில் இடையில் ஆள் மாறினாரா என்று ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டுவிடுங்கள். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும். ஐசிடி-11 2022இலிருந்தே அமலில் இருக்கிறது, அது வந்தால் எல்லாம் சரியாகும் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். எழுதுகிற கை அதே கைதான்.

கடைசியாக, 'இறப்பு' என்ற உங்கள் கணக்கையே ஒருமுறை சோதியுங்கள். நம் ஊரில் இனி தேறமாட்டார் என்று தெரிந்ததும், உயிர் வீட்டில் போகட்டும் என்று டாக்டர் சொல்லை மீறிப் போகிறோம் என்று ஏ.எம்.ஏ. கையெழுத்துப் போட்டு ஆம்புலன்ஸில் கூட்டிப்போய்விடுவார்கள். பில் ஏறுகிறது என்று அரசு மருத்துவமனைக்கு மாற்றிக்கொண்டு போவோரும் உண்டு. உங்கள் டேட்டாவில் இவர்கள் எல்லாரும் உயிரோடு டிஸ்சார்ஜ் ஆனவர்கள். ஏ.எம்.ஏ., ரெஃபரல் என்று இருப்பவர்களைத் தனியாக எடுத்து, முப்பதாம் நாள் நிலவரத்தைக் குடும்பத்தாரிடம் போனில் கேட்க வேண்டிவரும். பழைய பதிவுகளைப் பார்க்க மட்டும் எத்திக்ஸ் கமிட்டியிடம் வாங்கிய அனுமதி அதற்குச் செல்லாது. விண்ணப்பத்தில் இப்போதே அதையும் சேர்த்துவிடுங்கள்.